தகரத்துக்கு அந்தப் பக்கம்

சேறு அள்ளுவது அந்த வீட்டில் பெரியவளின் வேலை. யாரும் உட்கார்ந்து பேசி ஒதுக்கியதல்ல. அவள் புருஷன் சிமெண்ட் மூட்டையும் கம்பியும் படகில் ஏற்றி அக்கரைக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவர். அவருடைய முதுகை மூட்டைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருந்த முதுகு இவளுடையது. மேலே மதகு மூடியிருக்கும் காலை வேளையில் ஆறு இறங்கிக் கிடக்கும். அப்போது புருஷனின் பழைய முழுக்கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, மண்வெட்டியும் வாளியுமாகத் துறையில் இறங்குவாள். வெட்டி, வாளியில் நிரப்பி, படியேறி, கரைச்சுவர் ஓரம் கவிழ்த்துவிட்டு மறுபடி இறங்குவாள்.

மற்ற துறைக்காரர்கள் இப்படிச் சுமப்பதில்லை. சேற்றை மண்வெட்டியால் கிளறி ஓட்டத்தில் தள்ளிவிடுவார்கள். ஆறே எடுத்துக்கொண்டு போய்விடும். பெரியவளும் தள்ளிப் பார்த்திருக்கிறாள். தள்ளிய சேறு கொஞ்ச தூரம் போய், யோசனை பண்ணி, திரும்பி வந்து அவள் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"சேறுகூட உன்னை விட்டுப் போகமாட்டேங்குது பாரு," என்பார் புருஷன், படிமேல் நின்று டீயை உறிஞ்சிக்கொண்டே.

"ஆமா, நீங்க இறங்கி நின்னா பயந்து ஓடிரும்."

"நிதானமா பாத்துக்கலாம்."

எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். அதனால் தெருவில் அவருக்கு நிதானம் என்றே பெயர். வீட்டைத் தேடி வருகிறவர்கள்கூட "நிதானம் வீடு எது?" என்றுதான் கேட்பார்கள்.

ஆற்றில் ஒரு விதி உண்டு. நடு ஆற்றைத் தூர்வாருவது ஆற்று அலுவலகத்தின் பாடு. கரையோரம் கம்பம் நட்டுப் படகு கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியவர், தன் கம்பங்களுக்குள் படிகிற சேற்றைத் தானே அள்ளவேண்டும். ஆறு எவ்வளவு இறங்கினாலும் படகு மிதக்கவேண்டும். தரைதட்டி நின்றால் அந்தத் துறையை அவர் பார்த்துக்கொள்ளவில்லை என்று கணக்கு. அனுமதி அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

மாமனார் இருந்தவரை அது ஒரே துறையாக இருந்தது. அவருக்குப் பின் இரண்டானது. ஓட்டத்துக்கு மேற்பக்கம் ஒரு பாதி, கீழ்ப்பக்கம் ஒரு பாதி. "நீங்களே முதல்ல சொல்லுங்க அண்ணி," என்று கொழுந்தன் விட்டுக்கொடுத்தான். கல் படிக்கட்டு இருக்கிற கீழ்ப்பாதிதான் வேண்டும் என்று பெரியவள் யோசிக்காமல் கேட்டு வாங்கினாள். மூத்தவள் என்கிற முறையில் நல்லதை எடுத்துக்கொண்டோம் என்று அன்றைக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆகவே பிற்பாடு வயிறு எரிந்தபோது அதை வெளியே சொல்ல வழியில்லாமல் போயிற்று.

எரிந்ததற்குக் காரணம் கொழுந்தன் மனைவி. சின்னவள். படி இல்லாத மேட்டில் நாலு பலகையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, புருஷன் பயணிகள் படகு ஓட்டட்டும் என்று ஆரம்பித்தவள். ஆரம்பத்தில் பெரியவள் பரிதாபப்பட்டாள். பலகையில் வழுக்கி விழப்போகிறார்கள், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள். சின்னவள் ஒவ்வொருத்தரையும் கைபிடித்து இறக்கிவிட்டாள். "பாத்து, பாத்து, பலகை கொஞ்சம் கோவக்காரன்," என்பாள்; அவர்களும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். வழுக்குகிற பலகையைக்கூட ஒருத்தி சிரிப்பாக்கிவிடுவதும், இங்கே கல் படி வெறுமனே கிடப்பதும் பெரியவளுக்குப் பிடிபடவே இல்லை. சிமெண்ட் மூட்டையை யார் கைபிடித்து இறக்குவார்கள்?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், விடுமுறைக்கு வந்த ஒரு நாள், பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகச் சித்தி வீட்டுக்குள் நுழைந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சிரித்த சத்தம் தண்ணீர்மேல் ஏறிக் கீழ்த்துறைவரை வந்தது. பெரியவள் கல் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. புரிந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அப்படி என்னடி சிரிப்பு அங்கே?" என்று அன்று மாலை கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா."

சும்மா சிரிப்பதற்கு அங்கே போகவேண்டியிருக்கிறது என்பதை அவள் மனதில் முடிந்துகொண்டாள்.

அடுத்த வாரமே இரண்டு துறைக்கும் நடுவில் தகரம் வந்தது. கரையிலிருந்து கடைசிக் கம்பம்வரை முளை அடித்து, தகரத்தை வரிசையாக வைத்து ஆணி அறைந்தார் நிதானம். பயணிகள் படகு எழுப்பும் அலை தங்கள் படகை மோதுகிறது என்று தெருவுக்குக் காரணம் சொல்லப்பட்டது. கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, "சொல்லியிருந்தா மெதுவா ஓட்டியிருப்பேனே அண்ணி," என்றான். பெரியவள் தகரத்துக்குப் பச்சை வர்ணம் பூசுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம்தான் கவனித்தாள்: காலையில் ஆறு இறங்கும்போது தகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் சின்னவளின் கால்கள் தெரிந்தன. நீலச் செருப்பு. அது இங்கும் அங்கும் நடந்தது, நின்றது, நுனிக்காலில் எம்பியது, யாரையோ வரவேற்க ஓடியது. முழு ஆளையும் பார்த்தபோதுகூட இவ்வளவு தொந்தரவு இல்லை. காலை மட்டும் பார்த்தால் மீதியை மனசு வரைந்துகொள்கிறது. அது வரைகிற முகம் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறது.

"இன்னொரு தகரம் அடிக்கணும். தரை வரைக்கும்."

"அலை தண்ணிக்கு மேலதானே வரும்?" என்றார் நிதானம்.

"அடிங்க."

அடித்தார். கீழ் வரிசைத் தகரம் சேற்றுக்குள் போய் நின்றது. இனி ஒன்றும் தெரியாது என்று பெரியவள் இருந்தபோது, தகரத்தின் மேல்விளிம்புக்கு மேலே செடிகள் எட்டிப் பார்த்தன. சின்னவள் அந்தப் பக்கம் தொட்டிகள் வைத்து, உயரமாக வளரும் பூச்செடியாகப் பார்த்து நட்டிருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் காற்றில் தலையாட்டின. வேண்டுமென்றே வைத்திருக்கிறாள், தன்னைச் சீண்டத்தான் வைத்திருக்கிறாள் என்று பெரியவள் பல்லைக் கடித்தாள். கத்திரிக்கோலோடு ஒருநாள் ஸ்டூல்மேல் ஏறினாள் என்றும், ஏறியவள் கீழே புருஷன் வருவதைப் பார்த்துவிட்டுக் கொடிக்கயிற்றைச் சரிசெய்வதுபோல் இறங்கினாள் என்றும் எதிர்வீட்டுத் தையல்காரி சொல்வாள்.

சேறு சேர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் ஒரு வாளி, இரண்டு வாளி. அப்புறம் தினமும். பிறகு, அள்ளினாலும் மறுநாள் அதே இடத்தில் அதே உயரத்துக்கு அது காத்திருந்தது. அந்தப் பக்கத்தில் கொழுந்தன் எப்போதாவது மண்வெட்டியால் இரண்டு தள்ளு தள்ளுவான், அவ்வளவுதான். படகு துள்ளிக்கொண்டு மிதந்தது. இந்தப் பக்கத்துப் படகு காலையில் ஒருபக்கம் சாய்ந்து, பகலில் தூங்குகிற கிழட்டு மாடுபோலக் கிடந்தது.

அப்படிக் கிடந்த ஒரு காலையில்தான் ஆற்று அலுவலகத்து ஓவர்சியரம்மா வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் கைப்பை. தண்ணீரில் இறங்கினாலும் அந்தக் கைப்பையைக் கழற்றமாட்டாள். அளவுக்கோலைச் சேற்றில் குத்திப் பார்த்தாள்.

"படகு மிதக்கலையேம்மா."

"தினமும் அள்றேன் மேடம். கைய பாருங்க."

பெரியவள் கையை நீட்டினாள். ஓவர்சியரம்மா கையைப் பார்த்தாள். பாவம்தான் என்று முகம் சொன்னது. வாய் வேறு சொன்னது. "உங்க கம்பத்துக்குள்ள படியறது உங்க பொறுப்பு. அடுத்த மாசம் அளக்க வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா துறை கைமாறும். காத்திருக்கறவங்க இருக்காங்க."

"யாரு காத்திருக்காங்க?"

"உங்க மேல்பக்கத்துக்காரங்கதான். இன்னொரு படகு வாங்கப் போறாங்களாம்."

பெரியவள் கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தெளிவாகிவிட்டது. சேறு தானாக வரவில்லை, அனுப்பப்படுகிறது. சிரிப்பு வந்தது, பூ வந்தது, இப்போது சேறு வருகிறது. எல்லாம் அதே திசையிலிருந்து. கடைசியில் கல் படியும் போகப்போகிறது. சின்னவள் நீலச் செருப்போடு அந்தப் படியில் இறங்கி நிற்பதை அவள் தினமும் நினைத்துப் பார்த்தாள். மூட்டை ஏற்ற வேறு துறை கிடைக்காது. புருஷன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போகவேண்டும்.

பார்க்கக்கூடாது என்று அடித்த தகரத்தில் இப்போது பார்ப்பதற்கு ஓட்டை தேடினாள். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று அகப்பட்டது. காலைதோறும் அதில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். ஒருநாள் கொழுந்தன் இறங்கி மண்வெட்டியால் சேற்றைக் கிளறித் தள்ளினான். கலங்கல் மெல்ல நகர்ந்து தகரத்தை நோக்கி வந்தது. பெரியவள் படியில் பாய்ந்து ஏறினாள்.

"பாத்துட்டேன்! என் ரெண்டு கண்ணால பாத்துட்டேன்!"

"அந்த ஓட்டையில ஒரு கண்ணாலதானே பாக்க முடியும்," என்றார் நிதானம்.

"உங்க தம்பியைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே! நம்ம துறையைத் தூர்த்துப் பிடுங்கறாங்க. இதுவும் நிதானமா பாத்துக்கலாமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். அவள் கால்சட்டையை மாற்றி, தலை வாரி, நேராக ஆற்று அலுவலகம் போய்ப் புகார் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஓவர்சியரம்மா வந்தபோது தெருவில் பாதிப்பேர் கரைச்சுவர்மேல் கையூன்றி நின்றிருந்தார்கள். கொழுந்தனும் சின்னவளும் தங்கள் பலகையில் நின்றார்கள். பெரியவள் தன் படியில் நின்றாள். தகரத்துக்கு அப்பாலிருந்து சின்னவள், "வாங்க மேடம், டீ சாப்பிடறீங்களா?" என்றாள். எந்த நேரத்தில் எதைக் கேட்கிறாள் பார், என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேல இருந்து இவங்க தள்ற சேறு எங்க துறைக்கு வருது மேடம்," என்றாள் உரக்க. "மேல இருந்து வர்றதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"ஆத்துல எல்லாமே மேல இருந்துதான்மா வரும்," என்றாள் ஓவர்சியரம்மா. கரைச்சுவரில் சிரிப்பு எழுந்தது. "அது கீழ போகாம ஏன் உங்ககிட்ட நிக்குதுன்னுதான் பாக்கணும். இங்க யாராவது மரத்தூள் வச்சிருக்கீங்களா?"

படகு பழுதுபார்க்கும் தச்சர் ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஓவர்சியரம்மா அதைச் சின்னவள் துறையின் மேல்கோடியில் தூவினாள். மரத்தூள் தண்ணீர்மேல் மஞ்சளாகப் படர்ந்து, வழுக்கிக்கொண்டு ஓடியது. கம்பங்களைத் தாண்டிற்று. கொழுந்தன் படகைத் தாண்டிற்று. எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள். தகரத்தருகே வந்ததும் அது தயங்கியது. பாதி ஒதுங்கி நடு ஆற்றுக்குப் போய்விட்டது. மீதி தகரத்தின் கடைசி முளையைச் சுற்றி வளைந்து உள்ளே வந்தது. பச்சைத் தகரத்தின் நிழலில் மெதுவாக, மிக மெதுவாக ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. பெரியவளின் படிக்கு எதிரே வந்து அப்படியே நின்றுகொண்டது.

ஓவர்சியரம்மா முறத்தைத் தச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தத் தகரம் யார் அடிச்சது?"

நிதானம் வானத்தைப் பார்த்தார்.

"நாங்கதான்," என்றாள் பெரியவள். "அவங்க படகு அலை வந்து மோதுது. அதுக்காக."

"அலைக்கு யாராவது தரை வரைக்கும் அடிப்பாங்களா? ஓட்டத்தையே நிறுத்திட்டீங்களே. ஓடற தண்ணி சேத்தைத் தூக்கிட்டுப் போகும். நின்ன தண்ணி கையில இருக்கறதைக் கீழதான் வைக்கும்." கைப்பையைச் சரிசெய்துகொண்டாள். "இதைப் பிடுங்கிடுங்க. நான் வர்றதுக்குள்ள ஆறே கழுவிக் குடுத்துரும். பிடுங்கலைன்னா நீங்க எத்தனை வாளி சுமந்தாலும் துறை நிக்காது."

கரைச்சுவரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வேலை நினைவு வந்து கலைந்தார்கள். தையல்காரிக்கு மட்டும் வேலை நினைவு வர நேரமாயிற்று.

வீட்டுக்குள் வந்ததும் பெரியவள் புருஷனைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஆத்துலயே பொறந்து வளந்தவர்தானே?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் சொல்லல? நான் தினமும் சுமந்து செத்தேனே!"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "தகரம் வந்தப்புறம்தான் வீட்ல சத்தம் இல்லாம இருந்துச்சு. சேறா சத்தமான்னு பாத்தேன். சேறு பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

"அள்ளினது நீங்களா? அதான் பரவாயில்ல."

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "முளையெல்லாம் சேத்துல இறுகிப் போச்சு. கையால வராது. தம்பிகிட்ட செயின் பிளாக் இருக்கு, இன்ஜின் தூக்கறதுக்கு வச்சிருக்கான். அதை மாட்டி இழுத்தா வரும்."

"போய் வாங்கிட்டு வாங்க."

"நீ போ. அடிக்கச் சொன்னது நீதானே."

நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிதானம் அவளுக்குப் புதியதாக இருந்தது.

சின்னவள் வீட்டுச் சமையலறைக்குள் பெரியவள் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கதவைத் தாண்டும்போதே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. குழாய் சொட்டவில்லை. அலமாரிக்குக் கதவு போட்டிருக்கிறாள். கழுவுதொட்டிக்கடியில் அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றை ஊறவைத்து ஒளித்திருந்தாள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

"வாங்கக்கா. உக்காருங்க. டீ போடறேன்."

"உக்கார வரல. செயின் பிளாக் வேணும். அவர் கேட்டார்."

"இருங்க, உள்ள இருக்கு."

சின்னவள் பின்கட்டுக்குப் போனாள். பெரியவள் அடுப்புமேடை அருகே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மகளின் சிரிப்பு இந்த ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். வெளியே தகரம் தெரிந்தது. ஜன்னல் முழுக்கத் தகரம்தான். இந்தப் பக்கத்துக்கு அவள் வர்ணம் பூசவில்லை. பூசவேண்டும் என்று தோன்றியதுமில்லை. துருப்பிடித்து, மழைநீர் வழிந்த கோடுகளோடு அது நின்றது. அறைந்த ஆணிகளின் கூர்முனைகள் வரிசை வரிசையாக இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றை யாரோ சுத்தியலால் மடக்கிவிட்டிருந்தார்கள். அதன் முன்னால் நெருக்கமாகத் தொட்டிகள். எந்த இடத்தில் துரு அதிகமோ அந்த இடத்தில் செடியும் அடர்த்தியாக இருந்தது. தலையாட்டிய சிவப்பும் மஞ்சளும் மேலே, விளிம்பைத் தாண்டி இருந்தன; இங்கிருந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை.

சின்னவள் செயின் பிளாக்கைச் சங்கிலி குலுங்கத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பெரியவள், ஜன்னலிலிருந்து திரும்பாமல். "தகரத்தாலதான் சேறு நிக்குதுன்னு."

"தெரியும். ரெண்டாவது வரிசை இறக்கினப்பவே அவர் சொன்னார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க? தகரத்தை எடுக்க வச்சு எட்டிப் பாக்க வழி பண்றான்னு சொல்லியிருக்கமாட்டீங்க?"

அப்படித்தான் சொல்லியிருப்பாள். அதே வார்த்தைகளில்.

"அதுக்குன்னு எங்க துறைக்கே எழுதிப் போடுவியா?"

"போட்டேன். எப்படியும் போகப்போகுது, யாரோ வர்றதுக்கு நாம எடுத்துக்கலாமேன்னு." சின்னவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், மேசையில் ஒன்றுமில்லை. "ஆசையும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அந்தக் கல் படி மேல எனக்கு அன்னிலருந்தே ஒரு கண்ணு. இங்க மழைன்னா ஒவ்வொருத்தரையும் கையைப் பிடிச்சு இறக்கியே தோள்பட்டை போகுது. சிரிச்சுக்கிட்டே இறக்கலைன்னா பயந்து திரும்பிப் போயிடறாங்க."

பெரியவள் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். வலது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நீலச் செருப்பின் வார் அறுந்து கம்பி கட்டியிருந்தது. தகரத்துக்கு அடியில் தெரிந்தபோது அந்தக் கம்பி கண்ணில் படவில்லை.

"எடுத்துட்டுப் போறேன்," என்று செயின் பிளாக்கின் கொக்கியைப் பிடித்தாள்.

"அக்கா."

"ம்?"

"அலை கிலைன்னு சொல்லாதீங்க, அது தெருவுக்கு. நான் தினமும் இங்க நின்னு சமைக்கும்போது அதைத்தான் பாக்கறேன். ஆணியெல்லாம் என்னைப் பாத்துத்தான் நிக்குது. ரொம்ப நாளா கேக்கணும்னு." சின்னவளின் குரலில் சண்டை இல்லை, அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நான் என்ன பண்ணேன்?"

பெரியவள் யோசித்தாள். மகளின் பை நினைவுக்கு வந்தது. பலகையில் இறங்கியவர்களின் சிரிப்பு வந்தது, நுனிக்காலில் எம்பிய கால் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அந்த மேசைமேல் வைத்து, இதைத்தான் நீ பண்ணினாய் என்று காட்டக்கூடியதாக ஒன்றுமே அகப்படவில்லை.

செயின் பிளாக்கைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சின்னவள் உதவிக்குக் கை நீட்டினாள். பெரியவள் அதைப் பார்க்காததுபோல் வாசலுக்குத் திரும்பினாள். தொங்கிய சங்கிலியின் நுனி தரையில் இழுபட்டு, நிலைப்படியில் ஒருமுறை தட்டிவிட்டு, அவள் பின்னாலேயே வெளியே போயிற்று.